பிள்ளை குடியேறினால்தான் பழைய வரி

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிப் பிள்ளைகளை ஆளாக்கிய நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ப்ராப் 19 பேச்சு வந்துவிடுகிறது (ப்ராப் என்றால் ப்ரொபசிஷன், மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்டம்; 19 என்பது பெற்றோர் வீடு பிள்ளைக்குப் போகும்போது சொத்து வரி எப்படி என்று மாற்றியது). "நாம போனப்புறம் பிள்ளைங்க தலையில வரியைக் கட்டிட்டாங்க" என்று புலம்பல். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் அவ்வளவு கோபம் இல்லை.

1978இன் ப்ராப் 13படி, வாங்கிய விலையை வைத்து 1 சதவீதம் சொத்து வரி. அந்த மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 1995இல் 3 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு இன்று 20 லட்சம் போனாலும், வரிக் கணக்கில் சுமார் 5.4 லட்சம்தான். நாம் கட்டுவது ஐயாயிரத்துச் சொச்சம். பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிய பையன் இருபதாயிரம் கட்டுகிறான். அதே தெரு, அதே குப்பை வண்டி.

1986இன் ப்ராப் 58 இந்தச் சலுகையைப் பிள்ளைகளுக்கும் தூக்கிக் கொடுத்தது. குடியிருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. 2018இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தோண்டியபோது, மாலிபுவில் பெற்றோர் வழியில் வந்த ஒரு வீட்டுக்கு மாத வாடகை 16 ஆயிரம் டாலர், வருஷ வரியோ 6 ஆயிரம்கூட இல்லை! இதற்கு ஏன் நான் கண்ணீர் விட வேண்டும்?

இதைத்தான் ப்ராப் 19 மாற்றியது. 2021 பிப்ரவரி 16 முதல், பெற்றோர் குடியிருந்த வீட்டில் பிள்ளையும் ஒரு வருஷத்துக்குள் குடியேற வேண்டும். அப்போதும் பழைய வரி மதிப்புக்கு மேல் சுமார் 10.44 லட்சம் டாலர் வரைதான் விலக்கு (இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தத் தொகை மாறும்). மேலே சொன்ன வீட்டுக்கு, 20 லட்சத்தில் இந்த இரண்டும் போக மிஞ்சுகிற சுமார் 4.2 லட்சம் பழைய 5.4 லட்சத்தோடு சேர்ந்து, மதிப்பு 9.6 லட்சம் அளவுக்கு ஏறும். குடியேறாவிட்டால் முழு 20 லட்சம். பிள்ளைகள் இருவர் என்றால் ஒருவர் குடியிருந்தாலே போதும். சியாட்டிலில் வேலை பார்க்கும் மகனுக்கு இது உதவாது, உண்மைதான். ஆனால் வாடகைக்கு விடப்போகிற வீட்டுக்கு 1995 விலையில் வரி கேட்பது நியாயமா?

விவசாய நிலத்துக்குக் குடியிருப்பு நிபந்தனை கிடையாது. பயிர் நிலமோ மேய்ச்சல் நிலமோ ஆனால் சரி. பாதாம் தோப்பில் யார் போய்ப் படுப்பது? உச்சவரம்பு மட்டும் அதற்கும் உண்டு.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். அதே 2020 நவம்பர் தேர்தலில், பெரிய வணிகக் கட்டடங்களுக்குச் சந்தை விலையில் வரி போடச் சொன்ன ப்ராப் 15 தோற்றது. வீட்டை வைத்துவிட்டுச் செத்தவர் பிள்ளைக்குக் கணக்கு மாறும். சாவே இல்லாத கம்பெனிக்குப் பழைய கணக்கே ஓடும். ப்ராப் 19க்குப் பணத்தைக் கொட்டியது ரியல் எஸ்டேட் முகவர்கள் சங்கம். 55 தாண்டியவர்கள் பழைய வரி மதிப்போடு மாநிலத்துக்குள் வீடு மாறலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறதே, விற்பனை நடந்தால் கமிஷன் யாருக்கு?

அப்புறம், "டிரஸ்ட்ல போட்டுட்டேன், கவலையில்ல" என்பவர்களுக்கு: சாதாரண லிவிங் டிரஸ்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் போட்டு வைக்கும் ஏற்பாடு) கோர்ட் அலைச்சலைத்தான் மிச்சப்படுத்தும், பெற்றோர் காலமான தேதியில் மறுமதிப்பீடு வரத்தான் செய்யும். அவசரப்பட்டு இப்போதே பிள்ளை பேருக்கு எழுதி வைத்தால், நாளைக்கு விற்கும்போது நீங்கள் வாங்கிய பழைய விலையிலிருந்து லாபக் கணக்கு போட்டு வருமான வரி வாங்குவார்கள். நல்ல வக்கீலாகப் பார்த்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.