பூஜ்யம் வாங்கிய அக்காவுக்காக

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். கோபம் தணிந்தபிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். நாலு நாளாகியும் தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறன்று நம் சபைக் கூட்டத்தில், யார் எத்தனை பேரை இயேசுவிடம் கொண்டுவந்தார்கள் என்று திரையில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் சொல்கிறேன், அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அந்த வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்திருக்கும், மீதிப் பேருக்கு இன்று ராத்திரிக்குள் யாராவது அனுப்பிவிடுவார்கள். ‘ஆத்தும ஆதாய அறிக்கை’ என்று தலைப்பு. பெயர், சந்தித்தவர்கள், கொடுத்த கைப்பிரதி, தீர்மானம் எடுத்தவர்கள், அதாவது இயேசுவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னவர்கள் என்று கட்டம் கட்டமாக அட்டவணை. முதலிடத்துக்குக் கேடயம், கைதட்டல், ‘அல்லேலூயா’. அதுவரைக்கும்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னீர்களே, “இவர்களுக்கு ஆத்தும பாரம் உண்டாகும்படி சபையாக ஜெபிப்போம்” என்றீர்களே, அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போனது.

ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் எனக்கு முன்வரிசையில் இருந்த அக்கா. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கும் சேர்த்துக் கூசிப்போவார். கையிலிருந்த படிவத்தை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக. பிறகு எட்டாக. ஜெபம் முடிவதற்குள் அது தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதை வேதாகமத்துக்குள் வைத்து மூடி, உட்கார்ந்தார். வீடியோவில் இதெல்லாம் இல்லை. கேமரா மேடையைத்தானே பார்க்கும்.

சீக்கிரமே ‘சுவிசேஷத்துக்கு எதிரி’ என்று பட்டம் கட்டிவிடுவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தை மற்றவர்களுக்குச் சொல்வது கட்டளை. நேரமிருந்தால் செய்யும் உபரி வேலை இல்லை அது. “சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ” என்று பவுல் எழுதியதை நான் கிழித்துப் போடவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சீஷராக்கச் சொன்ன இயேசு எண்ணச் சொன்னாரா?

எல்லாரும் மேடையில் முழங்குகிற அதே மத்தேயு 28-ஐ எடுங்கள். “நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி” என்பதோடு பிரசங்கம் நின்றுவிடுகிறது. வாக்கியம் நிற்கவில்லை ஐயா! கிரேக்க மூலத்தில் அந்த வாக்கியத்தின் முதன்மை வினை ‘சீஷராக்குங்கள்’. போவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், உபதேசிப்பதும் அதைச் சுற்றி நிற்கிற எச்சங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் இன்னொரு அழகு இருக்கிறது. புறப்பட்டுப்போய், சீஷராக்கி, ஞானஸ்நானங்கொடுத்து என்று எல்லாம் எச்சமாகவே ஓடி, இருபதாம் வசனத்தில் “நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்” என்ற இடத்தில்தான் வினை முற்றுப்பெறுகிறது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லியும் இது என் காதில் விழுந்ததில்லை. ‘யாவையும்’ கைக்கொள்ளும்படி ஒருவனுக்குக் கற்றுக்கொடுக்க எத்தனை வருஷம் ஆகும்? உங்கள் அட்டவணையில் அதற்கு எந்தக் கட்டம்?

‘கிறிஸ்தவன்’ என்ற சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது. ‘சீஷன்’ 250 தடவைக்கு மேல் வருகிறது. அந்த மூன்றில் முதலாவது அப்போஸ்தலர் 11:26. அந்தியோகியா. அதற்கு முந்தின வரியில் என்ன இருக்கிறது என்று யாராவது கவனித்தீர்களா? ஆதி சபையின் ஊழியனான பர்னபா தர்சு வரைக்கும் தேடிப்போய்ச் சவுலை, அதாவது பவுலை, கூட்டிக்கொண்டு வருகிறான். இரண்டு பேரும் ஒரு வருஷம் முழுக்கச் சபையோடு தங்கி உபதேசிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சீஷர்களுக்கு அந்தப் பெயர் வருகிறது. பர்னபா நம் கூட்டத்தில் இருந்திருந்தால் வருஷக் கடைசியில் அவன் பெயருக்கு நேரே என்ன போட்டிருப்பீர்கள்? ‘தேடிப்போனது: 1’?

பர்னபாவையாவது விடுங்கள். வருஷா வருஷம் நீங்கள் படம் போட்டுக் காட்டுகிற மிஷனரி வில்லியம் கேரியைப் பார்ப்போம். 1793-இல் வங்காளம் வந்து இறங்கினார். முதல் இந்தியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பர் கடைசியில், செராம்பூரில். இடையில் ஏழு வருஷம். ஏழு அறிக்கை, ஏழு பூஜ்யம். பர்மாவுக்கு 1813-இல் போன அதோனிராம் ஜட்சனுக்கு முதல் ஆள் கிடைத்தது 1819-இல். சீனாவின் கான்டனுக்கு 1807-இல் போன ராபர்ட் மாரிசன் 1814 வரைக்கும் காத்திருந்தார். இந்த மூன்று பேரையும் எழுப்பி நிறுத்தி ‘பாரம் உண்டாகும்படி’ ஜெபித்திருப்பீர்கள், இல்லையா? அப்புறம் கேரியின் அந்த முதல் ஆள், கிருஷ்ண பால். ஒரு தச்சர். விழுந்து கை பிசகிப்போய் வந்தவருக்குக் கட்டுப்போட்டது கேரி இல்லை, கூட இருந்த மருத்துவர் ஜான் தாமஸ். பேசியவர்கள் இரண்டு மூன்று பேர். ஞானஸ்நானம் கொடுத்தது கேரி. இந்த ஒன்றை யார் கணக்கில் எழுதுவது? கட்டுப் போட்டவர் கணக்கிலா, தண்ணீரில் இறங்கியவர் கணக்கிலா? “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்று எழுதின பவுலிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் எங்கே கிழித்திருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உடனே ஒரு கை உயரும். “பிரதர், பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சபையில் சேர்ந்தார்கள் என்று வேதமே எண்ணியிருக்கிறதே!” எண்ணியிருக்கிறது, மறுக்கவில்லை. ஏறக்குறைய மூவாயிரம் பேர். ‘ஏறக்குறைய’ என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். அதில் பேதுரு எத்தனை, யோவான் எத்தனை, தோமா எத்தனை என்று பிரித்திருக்கிறதா? தோமாவுக்குப் பூஜ்யம் என்று எழுப்பி நிறுத்தினார்களா? கர்த்தர் செய்ததை நினைத்துச் சபை ஸ்தோத்திரம் பண்ணுவது ஒன்று. ஒருத்தரை மற்றவருக்கு முன்னால் அளப்பது வேறொன்று. இயேசு அனுப்பின எழுபது பேர் ஊழியத்துக்குப் போய்ச் சந்தோஷமாய்த் திரும்பி வந்து, பிசாசுகளும் கீழ்ப்படிகிறது என்று ரிப்போர்ட் சொன்னபோது, அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள் என்றுதான் சொன்னார் அவர். உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதே, அதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார். ப்ரொஜெக்டரில் எழுதியிருப்பதற்காக என்று சொல்லவில்லை.

அடுத்தது எசேக்கியேல். நீ எச்சரிக்காமல் விட்டவனுடைய இரத்தப்பழியை உன் கையில் கேட்பேன் என்ற வசனம். இதை எடுத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அதை வைத்து என்னைப் பயமுறுத்தியதால்தான் பத்தொன்பது வயதில் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

அப்போதும் இதேபோல ஒரு படிவம் இருந்தது. மாதம் மூன்று பேர் இலக்கு. எனக்கு ஒரு நண்பன், என் மதத்தவன் இல்லை. அவன் அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்தார். ராத்திரி அவனோடு நானும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனதோடுதான் போனேன், சத்தியம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, அவன் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தபோது, மாதக் கடைசி என்பது என் ஞாபகத்துக்கு வந்தது. “ஒரு ஜெபம் பண்ணலாமா, நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு” என்றேன். சொன்னான். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பான். மறுநாள் படிவத்தில் மூன்றாவது பெயராக எழுதினேன். அதற்கடுத்த கூட்டத்தில் மைக் பிடித்துச் சாட்சியாகவும் சொன்னேன். அவன் அப்பா பெயர், வியாதி, அவன் அழுதது எல்லாம் சேர்த்து.

அந்தக் கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருக்கும். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் “நல்லாயிருக்கேன்டா” என்பான், அவ்வளவுதான். அவன் அப்பா போய்ச் சேர்ந்ததை எனக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடிந்ததில்லை. என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். எசேக்கியேல் சொல்கிற இரத்தப்பழி எனக்கு உண்டென்றால், சொல்லாமல் விட்டதற்காக இருக்காது.

“எல்லாரும் உங்களைப் போலவா, உண்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்களே” என்பீர்கள். இருக்கிறார்கள். கேடயம் வாங்கிய அந்தத் தம்பியும் உண்மையானவன்தான், அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. அவனை நினைத்துத்தான் பயமே. அடுத்த வருஷம் அந்த எண்ணைத் தாண்ட வேண்டுமே அவன்.

“இலக்கு வைக்காவிட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள்” என்று ஒரு மூப்பர் எனக்குப் போனிலேயே சொன்னார். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாம் சோம்பேறிகள்தான். கூச்சம், பயம், நமக்கேன் வம்பு என்கிற புத்தி எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் ஐயா, கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியா ஸ்திரீ குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடியது இலக்குக்காகவா? அந்திரேயா முதலாவது தன் சகோதரன் சீமோனைத் தேடிப்போனது யார் போட்ட திட்டம்? சொல்லாமலிருக்க முடியாதவர்கள் சொன்னார்கள். நமக்குச் சொல்லாமலிருக்க முடிகிறது என்றால், கோளாறு அட்டவணையில் இல்லை, வேறெங்கேயோ இருக்கிறது. அதற்கு உபவாசம் போடுங்கள், நானும் வருகிறேன்.

மதம் மாற்றுகிறீர்கள் என்று வெளியிலிருந்து திட்டுகிற நண்பர்களுக்கு இன்று பதில் இல்லை. இது எங்கள் வீட்டுச் சண்டை, நீங்கள் கொஞ்சம் வேடிக்கை பாருங்கள்.

வீட்டுச் சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. “சபைக் காரியத்தை முகநூலில் போட்டு நாறடிக்கலாமா?” என்று கேட்கத் தயாராக இருக்கிறவர்களே, வீடியோவைப் போட்டது நானா? பூஜ்யக்காரர்கள் எழுந்து நிற்பதைப் பின்னணி இசை சேர்த்துப் போட்டது யார்? குரூப்பில் மரியாதையாகத்தான் கேட்டேன், அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று. இரண்டு பேர் கைகூப்பும் எமோஜி போட்டார்கள். ஒருவர் “பிரதர், நீங்கள் இந்த வருஷம் எத்தனை ஆத்துமா?” என்று கேட்டார். அதற்கு மட்டும் பதினேழு தம்ஸ் அப். எண்ணினேன், ஆமாம். எண்ணுகிற வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

பதினைந்து வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்திருக்கிறேன். அதையெல்லாம் இங்கே எழுதிக்காட்டுகிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அதில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று சபைப் பக்கமே வருவதில்லை என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா? கைதூக்கியவர்களுக்கு ரிஜிஸ்டர் இருக்கிறது. கையை இறக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? போன வருஷம் தீர்மானம் எடுத்தவர்கள் என்று அதே திரையில் காட்டினீர்களே, அவர்களில் நாலு பேரின் பெயரை இப்போது பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். ஒருவனை மார்க்கத்தானாக்க சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிகிறவர்களைப் பற்றி இயேசு சொன்னது மத்தேயு 23:15-இல் இருக்கிறது. மீதியை நானே எழுதினால் இன்னும் பத்துப் பேர் அன்ஃபிரண்ட் செய்வீர்கள், போய் வாசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐசுவரியவானாகிய அந்த வாலிபன்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் அவன் துக்கத்தோடே போய்விட்டான். பின்னாலேயே ஓடி, சரி, பாதியை விற்றால் போதும், கையை மட்டும் தூக்கிவிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. போகவிட்டார். அவ்வளவு அன்பு இருந்தும் போகவிட்டார். நமக்கு அந்த தைரியம் வரவில்லை, ஏனென்றால் நமக்குப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

நேற்று அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்குத்தான் ஆறுதல் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பார்வை போன ஒரு பெரியம்மா இருக்கிறார், வேறு மதத்தவர். நாலு வருஷமாக வாரம் இரண்டு நாள் போய் மருந்து எடுத்துக்கொடுத்து, நகம் வெட்டி, கடிதம் வந்தால் படித்துக்காட்டி வருகிறார். மூன்றாவது வருஷத்தில்தான் அந்தப் பெரியம்மா, “உன் புஸ்தகத்துல என்னதான் இருக்கு, அதையும் கொஞ்சம் படியேன்” என்று கேட்டாராம். மாற்கிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு இது இதுவரை தெரியாது. யாருக்குமே தெரியாது.

“இதை ஏன்க்கா படிவத்தில் எழுதல?” என்றேன்.

“எந்தக் கட்டத்துல தம்பி எழுதுறது? அவங்க தீர்மானமெல்லாம் ஒண்ணும் எடுக்கல.” சிரித்தார். “அஞ்சாம் அதிகாரத்துல கல்லறையில கிடந்தவன் வருவான்ல, அதை மட்டும் ஆறு தடவை படிக்கச் சொல்லிட்டாங்க. இப்பதான் பன்னிரண்டுக்கு வந்திருக்கோம். அடுத்த மாசமும் நமக்குப் பூஜ்யம்தான், விடு.”

வெள்ளிக்கிழமை போகிறாராம். எழுத்துப் பெரிதாக இருக்கிற வேதாகமம் யாரிடமாவது இருந்தால் சொல்லச் சொன்னார், அவருக்கும் கண் மங்குகிறதாம். இருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.