லாக்ஸ்டன்: இன்னும் வேலியிடப்படாத வயல்கள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்றதும் உயிர்வேலிகளுக்குள் அடங்கிய பசும் வயல்களே நம் நினைவுக்கு வருகின்றன. மத்திய இங்கிலாந்தில் அந்தக் காட்சியின் பெரும்பகுதி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு திறந்த வயல்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டதால் உருவானது. பல ஊர்களில் ஏழைகள் தங்கள் மேய்ச்சல் உரிமையை இழந்ததும் அப்போதுதான். அதற்கு முந்தைய வேளாண்முறையை இன்றும் கைவிடாத ஊர், நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன்.

அங்கே மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெரிய வயல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வேலியில்லாத நீண்ட கீற்றுகளாகப் பல விவசாயிகளிடம் பிரிந்து கிடக்கிறது. ஓர் ஆண்டு குளிர்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்பது பழைய சுழற்சி. ஒருவருடைய நிலம் மூன்று வயல்களிலும் சிதறியிருப்பதால், பண்ணை வீடுகள் வயலுக்கு நடுவே தனித்து நிற்காமல் ஊர்த் தெருவிலேயே வரிசையாக அமைந்திருக்கின்றன. இவ்வூரை 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலவரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இந்த ஊரின் உண்மையான செல்வம் அதன் 'கோர்ட் லீட்' என்னும் நிலமன்றமே என்பது என் உறுதியான எண்ணம். நவம்பர் இறுதியில், கோதுமை விதைத்த வயலை மன்றத்தின் ஜூரிகளான ஊர் விவசாயிகள் நடந்து பார்வையிடுகிறார்கள். யாராவது பொதுப் பாதையிலோ புல்வரப்பிலோ ஏரை ஓட்டியிருந்தால், சரியான எல்லையில் முளைக்குச்சி அடித்துவிட்டு, அடுத்த வாரம் ஊர் மதுவிடுதியில் கூடும் மன்றத்தில் அபராதம் விதிக்கிறார்கள். தொகை சிறியதுதான். ஆனால் நாளும் முகம் பார்க்கும் அண்டை வீட்டாரின் முன்னிலையில் விதிக்கப்படுவதால், அதற்கு இருக்கும் கனம் பெரிது. 1977இல் பல பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கிய சட்டமும் லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது. அது நல்ல முடிவு.

நிலம் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஊரின் நிலவுடைமையாளரான மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் பொது அமைப்பான கிரவுன் எஸ்டேட்டுக்குச் சென்றது. 2020இல் மான்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டிடமே திரும்பியது. பழைய குடும்பத்திடம் சேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு என்றாலும், நாடு முழுவதற்கும் உரிய இத்தகைய மரபைப் பொதுமக்களின் உடைமையிலிருந்து விட்டிருக்கக் கூடாது என்றே கருதுகிறேன்.

இனி முக்கியமானது குத்தகைதான். ஒரு பண்ணை காலியாகும்போது அதை அங்கேயே குடியிருந்து உழப்போகும் குடும்பத்துக்கே கொடுக்க வேண்டும். வயல்களை அருங்காட்சியகம்போல் காத்துவிடலாம். ஆனால் ஜூரியில் அமர்ந்து வரப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல, அந்த மண்ணில் விதைத்தவர்கள் வேண்டும்.