மான்செஸ்டர் என்றால் குளிராம்!

அந்த ரீல்ஸை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜாக்கெட் போட்ட ஒரு தம்பி, "லண்டன் மாதிரி ஜிலுஜிலுன்னு இருக்கறதாலதான் கோயமுத்தூருக்கு மான்செஸ்டர்னு பேரு" என்கிறார். பின்னால் தெரிவது பூட்டிக் கிடக்கிற மில்லின் புகைபோக்கி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே நம்ம ஊர்க்காரர்களே "செம ப்ரோ" என்று ஹார்ட் விட்டிருக்கிறார்கள்.

அது குளிருக்கு வந்த பேர் இல்லைங்க தம்பி, நூலுக்கு வந்த பேர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பஞ்சு மில்லுக்குப் பேர்போன ஊர். இங்கே 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் நீலகிரியின் பைகாராவிலிருந்து மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் என்று வரிசையாக மில்கள் எழும்பின. அதனால் வந்த பேர். நூலுக்கு.

"பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் ஒரு காரணம்தானே?" சரி, ஒத்துக்கொள்கிறேன். ஈரக்காற்றில் இழை அவ்வளவாக அறாது. இழைக்குத்தான் அந்தச் சுகம், உள்ளே நின்றவருக்கு வேர்த்து ஊற்றியது. எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மில்லில் அரை நைட்டு ஷிப்ட் முடிந்து வந்தால் புருவத்திலும் காது மயிரிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். துண்டை வாசலில் உதறாமல் அம்மிச்சி, அதான் எங்கள் பாட்டி, உள்ளே விடமாட்டார். நூல் நூற்கிற ரிங் ப்ரேம் மெஷின் சத்தத்தில் அப்புச்சிக்குக் காது போய், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். கோபக்காரர் என்று ஊரே நினைத்தது. அவருக்கு எங்கே ஜிலுஜிலு?

"ஆமதாபாத்தையும் அப்படித்தானே சொல்றாங்க?" சொல்லட்டும், கான்பூரையும்தான் சொன்னார்கள். அங்கேயும் மில்தான் காரணம். மே மாதக் கான்பூரில் இந்த ஜாக்கெட்டைப் போட்டு ஒரு ரீல்ஸ் எடுக்கட்டும். "வெள்ளைக்காரன் ஊர் பேர் நமக்கெதுக்கு?" அது வேற பஞ்சாயத்து, அப்புறம் பேசலாம்.

நாளைக்கே ஈரோட்டுச் சுவரெல்லாம் மஞ்சள் பெயின்ட், அதனால்தான் மஞ்சள் மாநகரம் என்பார். அதற்கும் ஹார்ட் விழும்.

"ஒரு ரீல்ஸுக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம், கோபம்தான். சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேரை 1946ல் தூக்கில் போட்ட ஊர் இது. 2020 ஊரடங்கில் நின்ற அரசு பஞ்சாலைகள் அப்புறம் பழையபடி ஓடவே இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்று ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு க்ளைமேட்டுக்கு மாலை போடுகிறீர்களே, கொஞ்சம்கூடக் கூச்சமில்லையா?

குளிர்தான் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் தாண்டி மேலே போங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் சொந்த முகத்தோடு வாருங்கள், லாக் போட்ட புரொஃபைலுக்குப் பதில் கிடையாது.