பலகாரக்கார அக்காவும் பி.ஏ. தமிழும்

ஓட்டுப் போட 18 வயது ஆகியிருந்தால் போதும். அதற்கு மேல் தொண்ணூறு ஆனாலும் யாரும் தடுப்பதில்லை. கல்லூரிப் படிப்பு மட்டும் ஏன் இருபத்திரண்டு வயதுக்குள் முடிந்துபோகிற சமாச்சாரமாக இருக்கிறது? காரைக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கியது 1947இல். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1985இல் பல்கலைக்கழகமும் வந்தது. பட்டணம் போய்ப் படிக்க வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகள் உள்ளூரிலேயே பட்டம் வாங்கினார்கள்.

சரி, பிள்ளைகள் படித்தார்கள். பெற்றவர்கள்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறார். பிளஸ் டூ முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மகள் கல்லூரிக்குப் போன பிறகு, தானும் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தார். மாவு டின்னில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, எண்ணெய் தெறிக்காமல் இருக்க மேலே பாலிதீன் கவரைப் போட்டு, முறுக்கு வேகிற இடைவெளியில் படிக்கிறார். வகுப்பு சனி, ஞாயிறு. முகூர்த்தமும் பல சமயம் ஞாயிற்றுக்கிழமையில்தான். "மணகோலப் பலகாரத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டு, அடுப்பை யார்கிட்ட விட்டுட்டு வர்றது தம்பி?" என்கிறார். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சீட்டை எடுத்தார்.

மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2022இல் வந்த அருமையான திட்டம், எத்தனையோ பெண்களின் படிப்பு பாதியில் நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அது கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இருக்கிற வழியே தொலைநிலைக் கல்விதானே!

"இந்த வயசுல படிச்சு என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த அக்காவுக்குச் சங்கப் பாட்டு படிக்க ஆசை. அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் செய்கிறவர்களுக்கு நிறப்பொடியும் சிமெண்டும் கைவந்த பொருள். அவர்களுக்குச் சாயங்காலம் வேதியியல் சொல்லிக்கொடுக்க இங்கே ஆளா இல்லை? ஆராய்ச்சி நிலையமே இருக்கிறதே.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, நேரடி வகுப்புகளை அந்த மாதங்களில் சேர்த்து வையுங்கள். கட்டணத்தை மாதத் தவணையாக வாங்குங்கள். தொலைநிலையில் படிக்கிற ஏழைப் பெண்களுக்கும் அந்த ஆயிரத்தைக் கொடுங்கள், வயது பார்க்காமல்.