கால் வைக்காத கண்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் அறிவீர்கள். வராதவர்களுக்குக் காணொளித் துண்டு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அந்தாட்டிக்காவின் மேல் விமானத்தில் பறந்து, இறங்காமலே திரும்பிய என் பயணத்தின் பனிப்பாறைப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "ரீச்சர், கால் வைக்காத இடத்துக்குப் போய் வந்தன் எண்டு எப்படிச் சொல்லுவீங்க? இது கொக்கட்டிச்சோலைத் தேரை பஸ்ஸுக்குள்ள இருந்து பார்த்த கதைதானே" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன். மூன்று நாட்களாக என்னை உறுத்துவது அவருடைய கேள்வியல்ல, என்னுடைய அந்தச் சிரிப்புத்தான்.

எனவே அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். நான் அந்தாட்டிக்காவைப் பார்த்தேன். இறங்கவில்லை; விமானம் இறங்குவதற்காகப் போகவுமில்லை. ஆனாலும் பார்த்தேன்.

தேர் என்று பெரியவரே தொடங்கியதால் தேரிலிருந்தே வருகிறேன். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்குப் போகும் சனத்தில் வடம் தொட்டவர்கள் எத்தனை பேர்? மரத்தடியில் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தூர நின்று கும்பிட்டவர்கள் தேர் பார்க்கவில்லையா? அதையும் விடுங்கள். மட்டக்களப்பார் நாம் எல்லோரும் பாடுமீன் பாடும் நாடு என்று வெளியூராரிடம் பெருமை பேசுகிறோம். முழுநிலவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து அந்த ஒலியைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? கேட்காத பாட்டுக்கு உரிமை கொண்டாடலாமாம், கண்ணால் கண்ட கண்டத்தைப் பற்றி நான் பேசக்கூடாதாம்.

முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் கற்பித்தவள் நான். தொடக்கத்தில் படிப்பித்த கடற்கரைப் பாடசாலையில் ஒரேயொரு பூகோள உருண்டை இருந்தது. அதைத் தாங்கியோடு பிணைத்த இரும்புச் சுரை சரியாகத் தென்துருவத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தாட்டிக்காவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டால் கடைசி வாங்குப் பையன்கள் ஒரே குரலில் "நட்டு இருக்கு ரீச்சர்" என்பார்கள். ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீற்றர், சராசரியாக இரண்டு கிலோமீற்றர் அளவு தடித்த பனி என்று நான் கரும்பலகையில் எழுதுவேன். எழுதிய எனக்கே அது ஒரு நட்டுத்தான். 2004 டிசம்பர் 26இல் அந்த உருண்டையைக் கடல் கொண்டுபோனது. அறுகம்குடா முனையில் நின்று நேர் தெற்கே பார்த்தால், 8,000 கிலோமீற்றருக்கும் அப்பால் அந்தப் பனிக்கரை வரும்வரை இடையில் ஒரு துண்டு நிலமும் கிடையாது என்பதைப் பின்வந்த வகுப்புகளுக்கு உருண்டை இல்லாமலே சொல்லிக்கொடுத்தேன்.

அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில் இருக்கும் மகன், என் ஓய்வுக்குப் பரிசாக இந்தப் பயணத்துக்கு இடம் பதிவு செய்தான். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வருவதால் அங்கே இது உள்நாட்டுப் பயணமாகவே கணக்கு, கடவுச்சீட்டு தேவையில்லை. மகன் வீட்டுக்குப் போக வங்கிக் கணக்குத் தாள் முதல் விரல் அடையாளம் வரை கொடுத்து விசாவுக்குக் காத்துக்கிடந்த எனக்கு, பூமியின் அடிக்குப் போக ஓர் அடையாள அட்டை போதுமாக இருந்தது. (சிரிக்க வேண்டிய இடம் இதுதான். ஞாயிறன்று ஒருவரும் சிரிக்கவில்லை.)

போக நான்கு மணித்தியாலம், பனியின் மேல் ஏறக்குறைய நான்கு, திரும்ப நான்கு. வானிலையைப் பார்த்துத்தான் பாதையைத் தீர்மானிக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு இருக்கைகள், பாதியில் மாறவேண்டும். எனக்கு முதற்பாதியில் ஜன்னலோரம் கிடைத்தது. முதலில் கடலில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போல வெண்மை மிதந்தது. பிறகு கத்தியால் வெட்டியெடுத்தது போன்ற தட்டையான பனிமலைகள், அவற்றின் அடியில் தண்ணீருக்குள் ஒரு பச்சை நீலம். அதன்பின் தரை. விமானம் ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கத்தாரும் பார்க்கட்டும் என்று எட்டுப் போட்டுத் திரும்பியபோது பனியாற்றின் வெடிப்புகள் நேர் கீழே தெரிந்தன. கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதத்தில் உன்னிச்சைப் பக்கத்து வயல் வெடித்துக் கிடக்குமே, அதே வெடிப்பு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாடசாலையை விழுங்கும் அளவு. கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்ததில் நெற்றித் திருநீறு அதில் ஒட்டியிருந்தது, எழும்பும்போதுதான் கண்டேன்.

அது மேர்ட்ஸ் பனியாறு. 1912 டிசம்பரில், துருவ ஆய்வாளர் மோசனின் குழுவில் நின்னிஸ் என்ற இளைஞர் வண்டியோடும் நாய்களோடும் பெரும்பகுதி உணவோடும் ஒரு வெடிப்புக்குள் விழுந்து மறைந்தார். அடுத்த மாதம், கூடச் சென்ற மேர்ட்ஸ் என்பவரும் வழியிலே இறந்தார். மோசன் தனியே நடந்து திரும்பினார். அவர்கள் கடந்த இரண்டு பனியாறுகளுக்கும் இறந்த இருவரின் பெயர்களும் நிலைத்தன. இதை எத்தனையோ தடவை வகுப்பில் சொன்னவள் அன்று மேலிருந்து அந்த வெடிப்புகளை எண்ணமுடியாமல் அழுதேன். கால் வைத்திருந்தால் எனக்கு ஒரு வெடிப்பின் ஓரம் தெரிந்திருக்கும். அவர்கள் எதற்குள் நடந்தார்கள் என்பது உயரத்திலிருந்துதான் தெரிந்தது.

இனி, கேட்கப்போகிறவர்களுக்கு. "இந்தப் பயணத்தில்தானே ஒரு விமானம் மலையில் மோதியது?" ஆம். 1979 நவம்பர் 28. நம்மூரைச் சூறாவளி புரட்டிப்போட்டு ஒரு வருடமும் சில நாட்களும். எயார் நியூசிலாந்தின் டி.சி.10 விமானம் அந்தாட்டிக்காவின் எரெபஸ் மலையில் மோதி 257 பேரும் இறந்தார்கள். மேகத்தின் கீழே வெண்தரையும் வெண்மேகமும் ஒன்றாகி அடிவானமே அழிந்துவிடும் மயக்கம் ஒரு காரணம். அதற்கு முன்பே, கணினியில் இருந்த பாதையின் ஆள்கூறுகளை மாற்றிவிட்டு விமானிகளுக்குச் சொல்லாமல் விட்டது இன்னொன்று. முதல் அறிக்கை இறந்த விமானிகளைக் குற்றம் சொன்னது. 1981இல் நீதிபதி மேஹனின் ஆணைக்குழு அந்தப் பழியை நீக்கியது. நியூசிலாந்து அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2019இல். அந்த விபத்துக்குப் பின் நின்றுபோன இந்தச் சுற்றுலாப் பறப்பை அவுஸ்திரேலியாவிலிருந்து குவாண்டாஸ் விமானங்களில் 1994இல்தான் மறுபடி தொடங்கினார்கள். இதெல்லாம் தெரிந்துதான் ஏறினேன். விமானச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடிய ஊரில் பிள்ளை வளர்த்தவளுக்குப் பயம் கற்றுத்தர வேண்டியதில்லை. வானத்தில் வருவது நமக்குத் தீங்கு என்றே அரை வாழ்வு கழிந்தது. ஒரு தடவை நானும் மேலிருந்து, யாருக்கும் தீங்கில்லாமல், பார்க்க விரும்பினேன்.

"எரிபொருள்? சூழல்?" நியாயமான கேள்வி. பனி உருகுவதைக் கவலையோடு பார்க்கப் பன்னிரண்டு மணித்தியாலம் எரிபொருளை எரித்துக்கொண்டு போவதில் முரண் இருக்கிறது. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கேட்டவர் கல்யாணத்துக்குக் கனடா போய் வந்ததை நாமெல்லாம் லைக் போட்டோம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கப்பலில் போய் இறங்குவது இதைவிடச் சுத்தம் என்பவர்களுக்கு: ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது, சப்பாத்தின் அடியைக் கழுவித்தான் இறங்கவேண்டும் என்று விதி வைத்திருப்பது நம் கால்கள் அங்கே கெடுதி என்பதால்தான். பெரியவர் கேட்ட அந்தக் காலை வைக்காமல் வந்தது மரியாதை.

"அந்தக் காசில் எத்தனை பிள்ளைக்குப் புத்தகப் பை?" சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் கமரா பிடித்தவர்களிடம் இதை யாராவது கேட்டீர்களா? அதுவும் மேலிருந்து பார்ப்பதுதான். அங்கே அது கௌரவம். என்னிடம் வந்ததும் ஊதாரித்தனம்.

உண்மையில் யாரும் காசைப் பற்றியோ காலைப் பற்றியோ கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. புருஷன் இல்லாதவள், ஓய்வுபெற்றவள், பேரப்பிள்ளைக்குச் சோறூட்டப் போனவள், போன இடத்தில் தனியே துருவம் பார்க்க ஏறிவிட்டாள், அதுதான் தாங்கவில்லை. இதே படங்களை ஒரு பொறியியலாளர் காட்டியிருந்தால் பொன்னாடை போர்த்தியிருப்பீர்கள். எனக்கும் ஒரு பொன்னாடை மேசையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று பிறகு அறிந்தேன். சிரிப்பில் அது மறந்துபோயிற்றாம்.

இரண்டாம் பாதியில் என் ஜன்னலுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, நான் நடைபாதையில் எட்டியெட்டிப் பார்ப்பதைக் கண்டு எழுந்து இடம் தந்தார். முன்பின் தெரியாதவர். நம்மூர் மண்டபத்தில் அதுவும் கிடைக்கவில்லை.

மிச்சப் படங்கள் வீட்டில் இருக்கின்றன, இரண்டு போர்டிங் பாஸும் இருக்கின்றன. பார்க்க விரும்புவோர் எந்த மாலையும் வரலாம், தேநீர் உண்டு. பெரியவரும் வரலாம். உள்ளே கால் வைக்க மனமில்லையென்றால் படலையடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். வந்தார் என்றே நான் ஊரில் சொல்வேன்.