பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டிய படம்

பெரியப்பா சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் ஒரு லெந்து நாளில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்), அவரைப் பிடித்து உட்காரவைத்து ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். "சூப்பர் ஸ்டாரா? ரஜினியா நடிச்சிருக்காரு?" என்றுதான் ஆரம்பித்தார்.

இயேசுவின் கடைசி நாட்களைப் பற்றி 1973இல் நார்மன் ஜூவிசன் எடுத்த படம். வசனம் பேசுவதே கிடையாது, எல்லாம் ராக் பாட்டு. பாலைவனத்தில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. தலைமுடி வளர்த்த இளைஞர் கூட்டம் இறங்கி, பஸ் கூரையிலிருந்து சிலுவையை இறக்கி, வேஷம் கட்டிக்கொண்டு பாடத் தொடங்குகிறது. பெரியப்பா பொறுமையாகத்தான் பார்த்தார். கெத்செமனே தோட்டம் வந்தது. இயேசுவாக வரும் டெட் நீலி குரல் உடைய உச்சத்தில் போய், நான் ஏன் சாக வேண்டும் என்று பிதாவிடம் கேட்கிறார். "ஆண்டவர் இப்படிக் கத்துவாரா?" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததென்று லூக்கா எழுதியிருக்கிறாரே பெரியப்பா, அமைதியாக ஜெபித்தவருக்கா அப்படி வேர்க்கும் என்றேன். "அது வேற. அது பைபிள்ல இருக்கு."

இந்தப் படத்துக்கு வந்த எதிர்ப்பில் பாதி இந்த ரகம்தான். அது படத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. இசையமைத்த ஆண்ட்ரூ லாய்ட் வெபரும் பாடல்களை எழுதிய டிம் ரைசும் இருபதுகளில் இருந்த பையன்கள். மேடையேற்ற யாரும் முன்வராததால் 1970இல் முதலில் இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். அதில் இயேசுவாகப் பாடியவர் டீப் பர்ப்பிள் ராக் குழுவின் இயன் கில்லன். 1971 அக்டோபரில் நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் தியேட்டரில் நாடகமாக வந்தபோது வாசலில் பதாகையோடு கிறிஸ்தவர்களும் நின்றார்கள், யூதர்களும் நின்றார்கள். (அந்தத் தியேட்டரில் 1989 முதல் ஒரு சபை ஆராதனை நடத்துகிறது. ஆண்டவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.)

உயிர்த்தெழுதலைக் காட்டவில்லை என்பது கிறிஸ்தவர்களின் பெரிய குறை. எனக்கு அது குறையாகவே படவில்லை. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைக் கேட்டுவிட்டு நாமும்தான் கல்லறையோடு வீட்டுக்குப் போகிறோம். அன்று யாரும் சபை ஐயரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை ஏன் விட்டீர்கள் என்று கேட்பதில்லை. இந்தப் படமும் அந்த வெள்ளிக்கிழமையில் நின்றுவிடுகிறது. பஸ் கிளம்பும்போது எல்லோரும் ஏறுகிறார்கள், இயேசுவாக வந்தவர் மட்டும் ஏறுவதில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் விஷயம் அப்படி லேசானதல்ல. மரியாள் விலையுயர்ந்த தைலம் பூசும் இடத்தில், இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்பது யோவான் 12இல் உள்ளதுதான். உடனே யோவான், இவன் தரித்திரரைக் குறித்துக் கவலைப்பட்டு இப்படிச் சொல்லவில்லை, இவன் திருடன் என்று சேர்த்துவிடுகிறார். படம் செய்தது ஒன்றே ஒன்று: அந்தத் திருடனை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் விட்டுவைத்தது. மரியாளாக வரும் இவோன் எலிமன் தாலாட்டு மாதிரி பாடிக்கொண்டிருக்க, யூதாஸாக வரும் கார்ல் ஆண்டர்சன் இடையில் புகுந்து கேட்கும்போது நியாயம் அவர் பக்கம் இருப்பதுபோலவே தோன்றும். அந்தப் பாட்டு ஐந்து எண்ணிக்கையில் போகிறது, நம் கணக்கில் கண்ட நடை. எங்கேயும் சமமாக உட்காராத தாளம், அந்தக் காட்சியின் மனநிலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. காட்டிக்கொடுப்பவனாக ஒரு கறுப்பர் நடிக்கலாமா என்றும் அன்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது ஆண்டர்சனின் படம். பாலைவனத்தில் பீரங்கி வண்டிகள் துரத்த அவர் ஓடுகிற காட்சிக்குப் பிறகு, யூதாஸைத் திட்டிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெளிச்சலாக இருக்கும்.

இவ்வளவும் சொல்லிப் பல வருடம் இந்தப் படத்துக்காக வாதாடியிருக்கிறேன். நான் காதில் போட்டுக்கொள்ளாதது யூதர்கள் சொன்னதை. படம் வந்தபோது அமெரிக்க யூத அமைப்புகள் கண்டித்தன. அதையும் மத உணர்வு புண்பட்ட கணக்கில் சேர்த்துவிட்டேன்.

சமீபத்தில் மறுபடி பார்த்தேன். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து அவ்தாத் இடிபாடுகளில் இரும்புச் சாரம் கட்டி, அதன் மேல் யூதத் தலைமை ஆசாரியர்களான காய்பாவும் அன்னாவும் மற்ற ஆசாரியரும் கறுப்பு அங்கி, உயரத் தொப்பியோடு காக்கைக் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். யூதாஸுக்கு மனச்சாட்சி கொடுத்த படம் அவர்களில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ரோமானிய ஆளுநர் பிலாத்துவுக்கோ கனவு, தவிப்பு, இயேசுவுக்கு விழும் முப்பத்தொன்பது சவுக்கடியை எண்ணும்போது முகத்தில் வலி. சிலுவை ரோமானியத் தண்டனை. நம் விசுவாசப் பிரமாணத்திலேயே இருப்பது பிலாத்துவின் பெயர், காய்பாவின் பெயர் அல்ல. யூதர்கள் கொன்றார்கள் என்ற கதையை வைத்து ஐரோப்பாவில் பரிசுத்த வாரங்களில் யூதர் தெருக்களில் ரத்தம் ஓடியிருக்கிறது. அந்தப் பழியை யூத இனத்தின் மேல் சுமத்தக் கூடாதென்று கத்தோலிக்கச் சபை வத்திக்கான் சங்கத்தில் அறிவித்ததே 1965இல்தான். எட்டே வருடத்தில் இந்தப் படம். அதுவும் ரஷ்யக் கிராமத்திலிருந்து விரட்டப்படும் யூதர்களைப் பற்றி 1971இல் அவ்வளவு பரிவாக ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ எடுத்த அதே ஜூவிசன்!

2025இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் இதே நாடகத்தை மறுபடி போட்டபோது சிந்தியா எரிவோ என்ற கறுப்பினப் பெண் இயேசுவாகப் பாடினார். மறுபடி தேவதூஷணம் என்று சத்தம். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பெரியப்பா அன்று எழுந்தவர் போய்விடவில்லை, வாசல்படியில் நின்றபடியே மிச்சத்தையும் பார்த்தார். முடிந்ததும், எதுவுமே பிடிக்கவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அந்தக் காய்பா நல்லா பண்ணியிருக்கான். குரலக் கேட்டாலே தெரியுது, அசல் யூதன்." அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.