ரேங்க் கார்டை ஒளித்து வைத்த அரசு

ஆப்பிரிக்காவில் தண்ணீர்ப் பிரச்சினை என்றதும் வெடித்த நிலமும் தலையில் குடம் சுமக்கும் பெண்ணும்தான் நமக்கு ஞாபகம் வரும். வறட்சி, பாவம் என்று அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஹம்மன்ஸ்க்ராலில் தண்ணீர் இல்லாமல் இல்லை. குழாயில் வந்தது. குடிக்கத்தான் முடியவில்லை.

தலைநகர் பிரிட்டோரியாவுக்கு வடக்கே இருக்கும் ஊர், அதே மாநகராட்சிதான். அந்த மாநகராட்சியின் ரோய்வால் கழிவுநீர் நிலையம் பல வருடமாக அரைகுறையாகச் சுத்திகரித்த சாக்கடையை ஆப்பிஸ் ஆற்றில் விட்டு வந்தது (ஆபீஸ் இல்லை, ஆற்றின் பெயரே அதுதான்). கீழே அதே ஆற்று நீரை எடுத்து, சுத்தம் செய்து, குழாயில் அனுப்பியதும் அதே மாநகராட்சிதான். அதாவது அழுக்காக்குகிறவரும் கழுவுகிறவரும் ஒரே ஆள், யார் மேல் யார் புகார் கொடுப்பது? குடிக்க லாயக்கில்லை என்று 2019-லேயே மனித உரிமை ஆணையம் சொல்லிவிட்டது. ஜனங்கள் குழாய்த் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டு, குடிக்க லாரிக்குக் காத்து நின்றார்கள். நிலையத்தைச் சரிசெய்ய 29 கோடி ராண்டுக்கு மேல் கான்ட்ராக்ட் கொடுத்தார்கள், வேலை முடியாமலேயே 2022-ல் ரத்தானது. 2023 மே மாதம் காலரா வந்து அந்த வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜூனில் ஜனாதிபதி ரமபோசா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். காலரா எங்கிருந்து தொடங்கியது என்பது விசாரணையில் உறுதிப்படவில்லை. ரொம்ப வசதி.

எனக்குக் காசு தின்றதைவிடப் பெரிய குற்றமாகப் படுவது வேறு. எந்த ஊரின் குடிநீர் எப்படி இருக்கிறது என்று மார்க் போடும் 'ப்ளூ டிராப்' என்ற திட்டம் அங்கே 2008-லேயே வந்துவிட்டது. நிஜமாகவே நல்ல ஏற்பாடு. 2014-க்குப் பிறகு அந்த அறிக்கையை நிறுத்திவிட்டார்கள். ஃபெயிலான பையன் ரேங்க் கார்டைப் பரணில் ஒளித்து வைப்பானே, அப்படி. அடுத்த முழு அறிக்கை வந்தது 2023 டிசம்பரில், காலராவுக்கு அப்புறம். கிருமி விஷயத்தில் தேறாத குடிநீர் அமைப்புகள் 2014-ல் 5 சதவீதம், 2023-ல் 46 சதவீதம்! குடிநீர் அடிப்படை உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு.

சரி, "ஆப்பிரிக்கா என்றாலே ஊழல்தான் பாஸ்" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு ஒன்று. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக்கு மலைத்தண்ணீர் அனுப்பும் குட்டி நாடு லெசோத்தோ. அந்தத் திட்டத்தின் தலைமை அதிகாரி மசுபா சோலே வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் லஞ்சம் வாங்கினார். சுவிஸ் வங்கிக் கணக்கு விவரங்களைப் போராடி வாங்கி, 2002-ல் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அதோடு விடவில்லை, லஞ்சம் கொடுத்த கனடாக் கம்பெனி ஏக்கர்ஸையும் அதே வருடம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். கணக்கு வெளியே வந்தது, ஆள் சிக்கினான்.

அதே ஏக்கர்ஸைப் போதிய ஆதாரமில்லை என்று முதலில் விட்டுவிட்ட உலக வங்கி, தன் கான்ட்ராக்டுகளிலிருந்து ஒதுக்கி வைத்தது 2004-ல்தான். அதுவும் மூன்றே வருடத்துக்கு.